சிங்கத்தின் பங்கு எவ்வளவு?

இங்கிலீஷ் பாஷையிலிருந்து தமிழுக்குள் குடியேறிய மிருகங்களை எண்ணிப் பார்த்தால் ஒரு சிறு மிருகக்காட்சி சாலையே வைத்துவிடலாம். வெள்ளை யானை வந்தது. முதலை தன் கண்ணீரோடு வந்தது. கறுப்பு ஆடு வந்து மந்தையில் கலந்துகொண்டது. இவற்றின் பின்னால் சிங்கம் ஒன்றும் மெல்ல வந்து சேர்ந்தது. அது வெறுங்கையோடு வரவில்லை. தன் பங்கையும் எடுத்துக்கொண்டே வந்தது.

‘விழாவின் வெற்றியில் சிங்கத்தின் பங்கு நம் செயலாளரையே சேரும்’ என்று மேடையில் பேசுகிறார்கள். ‘பட்ஜெட்டில் சிங்கப் பங்கு சாலைகளுக்கு’ என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். ‘கல்யாண வேலைகளில் சிங்கப் பங்கு பெண்ணின் தாய்மாமனுடையது’ என்று வீட்டிலும் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று இடத்திலும் சொல்ல வந்த விஷயம் ‘பெரும் பகுதி’ என்பதுதான். இன்றைய இங்கிலீஷ் அகராதிகளும் அந்த அர்த்தத்தையே கொடுக்கின்றன. ஆகையால் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனாலும் அந்தச் சிங்கம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, அங்கே அது என்ன காரியம் செய்தது என்று தெரிந்தால், செயலாளரும் தாய்மாமனும் இந்தப் பாராட்டைக் கொஞ்சம் யோசித்துத்தான் வாங்கிக்கொள்வார்கள்.

ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதை அது. ரோமாபுரிக் கவி பீட்ரஸ் அதைச் செய்யுளாகவும் எழுதி வைத்தார். ஒரு பசு, ஒரு வெள்ளாடு, ஒரு செம்மறியாடு ஆகிய மூன்றும் சிங்கத்தோடு கூட்டுச் சேர்ந்தன. வேட்டையில் ஒரு பெரிய மான் கிடைத்தது. அதை நான்கு பங்காகப் பிரித்ததும் சிங்கம் பேச ஆரம்பித்தது. முதல் பங்கு தனக்கு, ஏனென்றால் தான் ராஜா. இரண்டாவது பங்கும் தனக்கு, ஏனென்றால் தானும் ஒரு பங்காளி. மூன்றாவதும் தனக்கு, ஏனென்றால் தான் மற்றவர்களைவிடப் பலசாலி. நான்காவது பங்கை யார் தொடுகிறார்களோ அவர்களுக்குக் கேடு வரும். கதை அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? சிங்கத்தின் பங்கு பாதியல்ல, முக்காலும் அல்ல, முழுசும்தான். இரண்டாவதாக, அது உழைத்துப் பெற்ற பங்கும் அல்ல. ‘வேலையில் சிங்கப் பங்கு’ என்று சொல்லும்போது நாம் கதையைத் தலைகீழாக நிறுத்திவிடுகிறோம். சிங்கம் பங்கு கேட்டது வேலையில் அல்ல, விளைவில். மூன்றாவது விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியமானது: சிங்கம் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நியாயம் சொல்லியது. வாயைத் திறக்காமல் நான்கையும் தின்றிருந்தால் அது வெறும் கொள்ளை. நியாயம் சொல்லித் தின்றதனால்தான் கதையாயிற்று.

ரோமானியச் சட்ட நிபுணர்கள் இந்தக் கதையை நன்றாகப் படித்திருந்தார்கள். ஒருவனுக்கு லாபமெல்லாம், மற்றவனுக்கு நஷ்டம் மட்டும் என்று ஒரு கூட்டு வியாபார ஒப்பந்தம் இருந்தால் அதற்குச் ‘சிங்கக் கூட்டு’ என்று பெயர் வைத்து, அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் அந்தத் தீர்ப்பு இடம்பெற்றிருக்கிறது. அந்த ரோமானியர்களோடு நம் கொங்கு நாட்டுக்கும் வியாபாரம் இருந்தது. கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில், 19ஆம் நூற்றாண்டில் மண்ணைத் தோண்டியபோது ரோமானிய வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. காசு இங்கே வந்து புதைந்தது. கதை மட்டும் வெகு காலம் கழித்து, இங்கிலீஷ்காரன் கப்பலில்தான் வந்து சேர்ந்தது.

அது வரும் வரையில் நாம் பங்கைப் பற்றிப் பேச வாயில்லாமல் இருந்தோமா என்றால், இல்லை. அரை, கால் என்பவை இன்றும் எல்லோருக்கும் தெரியும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. வீசம் என்றால் பதினாறில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் 320இல் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இவற்றைப் பாராமல் ஒப்புவித்தார்கள். முந்திரி அளவுக்குக்கூட ஒரு பெயர் வைத்திருந்த பாஷைக்குப் பங்கு சொல்ல ஒரு சிங்கம் தேவைப்படவில்லை.

விளைச்சலுக்கும் அப்படியே. அரசனுக்கோ நிலத்துக்கு மேலுரிமை கொண்டாடியவனுக்கோ போவது மேல்வாரம். உழுது பயிரிட்டவனுக்கு நிற்பது குடிவாரம். ‘வாரம்’ என்று சொன்ன உடனே கேட்கிறவன் ‘எத்தனைக்கு எத்தனை?’ என்று கேட்டே தீருவான். அந்தச் சொல்லுக்குள்ளேயே அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. களத்துமேட்டில் தானியம் அளக்கும்போது கொல்லருக்கும் தச்சருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் உரியதை அளந்து போட்டார்கள். அந்த ஏற்பாடு நியாயமானது என்று நான் சொல்லவில்லை. பண்ணையாளுக்கு விழுந்த படி எவ்வளவு சிறியது என்பது அந்தக் களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அளப்பது எல்லோர் கண்ணெதிரே நடந்தது. எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்படி அளந்து பழகிய நாட்டுக்கு ஒரு புதிய பங்காளி வந்தான். 1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி சேலம், பாரமகால் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மடிந்த பிறகு கோயமுத்தூர்ச் சீமையும் சேர்ந்துகொண்டது. பாரமகாலில் காப்டன் அலெக்ஸாண்டர் ரீடின் கீழே இளம் அதிகாரியாக வேலை கற்றவர்தான் தாமஸ் மன்றோ. குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றி, குடியானவர்களோடு பேசி, வயல் வயலாகத் தீர்வை போட்ட மனிதர். சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நடுவே ஜமீன்தார் இல்லாத ரயத்துவாரி முறை இங்கிருந்துதான் வளர்ந்தது.

அந்த முறையில் கம்பெனி சர்க்காரின் பங்கு எவ்வளவு? இதை வேறு யாரோ சொன்னால் ‘துவேஷத்தில் சொல்கிறான்’ என்று தள்ளிவிடலாம். மன்றோவே சொல்லியிருக்கிறார். பெல்லாரி, கடப்பைப் பகுதிகளை ஏழு ஆண்டுகள் ஆண்டுவிட்டு 1807இல் எழுதிய அறிக்கையில், தாம் விதித்த தீர்வை மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவிகிதம் வருகிறது, இது அதிகம், மூன்றில் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும் என்று கணக்குக் காட்டினார். அதற்காகத் தீர்வையில் 25 சதவிகிதத்தைத் தள்ளிக்கொடுக்கச் சொன்னார்.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னோடு சேர்ந்து ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். பயப்பட வேண்டாம், முந்திரி வரையில் போகவில்லை. ஒரு காட்டில் 100 வள்ளம் சோளம் விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். சர்க்காருக்கு 45 போய்விட்டது. மிச்சம் 55. விதை, எரு, மாட்டுத் தீனி, ஆள் கூலி எல்லாவற்றுக்கும் 40 போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். குடியானவன் வீட்டுக்குப் போவது 15. இப்போது சர்க்கார் தன் பங்கில் காலே காலைக் குறைக்கட்டும். 45 என்பது ஏறக்குறைய 34 ஆகும். செலவு அதே 40தான். குடியானவனுக்கு மிஞ்சுவது 26. சர்க்காருக்குக் கால் பங்கு நஷ்டம். குடியானவனுக்கோ ஏறக்குறைய இரட்டிப்பு!

முதல் கணக்கில் சர்க்கார் எடுத்தது 45. பாதிகூட இல்லை. அகராதிப்படி பார்த்தால் அதைச் சிங்கத்தின் பங்கு என்று சொல்ல வாய் கூசும். ஆனால் செலவு போக மிஞ்சிய 60 வள்ளத்தில் 45 என்றால் அது முக்கால் பங்கு. ‘எவ்வளவு?’ என்று கேட்பதோடு நிற்கக் கூடாது, ‘எதில் எவ்வளவு?’ என்றும் கேட்க வேண்டும் என்பது இதனால்தான். சென்னை சர்க்காரே இந்தக் கேள்வியில் பிற்பாடு தடுமாறியது. 1855இல் மொத்த விளைச்சலில் 30 சதவிகிதம் என்று வைத்தார்கள். 1864இல் அதை மாற்றி, செலவு போக நிற்பதில் பாதிக்கு மேற்படக் கூடாது என்றார்கள். பார்வைக்கு முப்பது ஐம்பதாகிவிட்டது போலிருக்கும். நம் சோளக் கணக்கிலோ இரண்டும் ஒன்றுதான்: நூறில் முப்பது 30, அறுபதில் பாதியும் 30.

மன்றோவின் யோசனையை 1807இல் மேலிடம் ஏற்றுக்கொள்ளவில்லை. 1820இல் அவரே சென்னைக்குக் கவர்னராக வந்த பிறகுதான் அவர் பழைய ஜில்லாக்களில் அந்தக் குறைப்புக்கு வழி பிறந்தது. அந்த அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. கிணற்றுப் பாசன நிலத்துக்கு 25 சதவிகிதத்துக்கு மேலே இன்னும் 8 சதவிகிதம் தள்ள வேண்டும் என்று மன்றோ எழுதியிருந்தார். கிணற்றைச் செப்பனிட்டுக் காப்பாற்றும் செலவு குடியானவனுடையது என்பது காரணம்.

இந்த 8 சதவிகிதத்தின் அருமை காவேரிக் கரையில் இருப்பவர்களுக்கு அவ்வளவாக விளங்காது. கொங்கு நாட்டுக்காரனுக்கு விளங்கும். மேற்கு மலையின் மறைவில் கிடக்கும் இந்தச் சீமையில் மழை கஞ்சத்தனமாகப் பெய்கிறது. நொய்யலையும் அமராவதியையும் நம்பி எல்லோரும் பிழைக்க முடியாது. ஆகவே குடியானவன் பூமியைத் தோண்டினான். நாலு முழம் போனால் பாறை. அதை வெடி வைத்தும் கடப்பாரையால் பிளந்தும் கிணறு வெட்டினான். பிறகு விடிவதற்கு முன்னே எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தான். அந்த இறைப்புக்குக் ‘கவலை’ என்று பெயர் வைத்தவன் அனுபவசாலியாகத்தான் இருக்க வேண்டும்.

அவ்வளவு கவலைக்குப் பிறகு பயிர் பச்சை பிடித்தால், ‘இது புஞ்சையல்ல, தோட்டம்’ என்று கணக்கில் ஏறியது. அந்நாளையக் கோவை ஜில்லாவில் தோட்டத்துக்குப் புஞ்சையைவிட அதிகத் தீர்வை. கிணறு வெட்டியது குடியானவன், எருது அவனுடையது, சாலும் வடக்கயிறும் அவனுடையவை. விளைச்சல் ஏறியதும் ‘நானும் ஒரு பங்காளி’ என்று சர்க்கார் வந்து நின்றது. கதைச் சிங்கம் இரண்டாவது பங்குக்குச் சொன்ன நியாயம் இதுதான் அல்லவா?

நம் பஞ்சதந்திரத்திலும் ஒரு சிங்கம் இருக்கிறது. நாளைக்கு ஒரு மிருகம் என்று காட்டு மிருகங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தின்றது அது. ஒரு சின்ன முயல் அதை அழைத்துப்போய்க் கிணற்றுக்குள்ளே அதன் நிழலைக் காட்டி, அதற்குள்ளேயே குதிக்கவும் வைத்துவிட்டது. மேனாட்டுச் சிங்கம் நான்கு பங்கையும் தின்று ஏப்பம் விட்டது. நம் சிங்கம் கிணற்றில் விழுந்தது. கொங்கு நாட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் ஆயிற்று. கிணற்றுக்கு வரி போட்டால் கிணறு வெட்டுகிறவன் கையைக் கட்டிக்கொள்வான், நாளாவட்டத்தில் வரும்படி குறையும் என்ற உண்மை சர்க்காருக்கு மெல்ல மெல்ல உறைத்தது. 1850களில், குடியானவன் தன் சொந்தப் பணத்தில் வெட்டும் கிணற்றுக்காக மேல்வரி கூடாது என்ற கொள்கை சென்னை மாகாணத்தில் நிலைபெற்றது. அதன் பிறகு இங்கே கிணறுகள் பெருகின.

சுதந்திரம் வந்த பிறகும் அதே நியாயம் வேறு வேஷத்தில் தலைகாட்டியது. குத்தகைதாரர் நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டிய நியாய வாரத்தைப் பற்றி 1956இல் சென்னை ராஜ்யம் ஒரு சட்டம் செய்தது. நஞ்சைக்கு மொத்த விளைச்சலில் 40 சதவிகிதம். நீரை இறைத்தும் பாய்ச்ச வேண்டிய நஞ்சைக்கு 35. மற்ற நிலங்களுக்கு மூன்றில் ஒன்று. இறைக்கிறவனுக்கு 5 சதவிகிதம் சலுகை! மன்றோவின் 8 சதவிகிதத்துக்கும் இந்த 5 சதவிகிதத்துக்கும் நடுவே ஏறக்குறைய 150 ஆண்டுகள். ஆனால் கேள்வி ஒன்றே: தண்ணீரை மேலே கொண்டுவந்தது யார்?

பாசனத் திட்டங்கள் வந்தபோது பங்கு இன்னும் துலக்கமாயிற்று. பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது. அதிலிருந்து 200 கிலோ மீட்டர் ஓடுகிற கீழ்பவானி வாய்க்காலுக்கு 2,07,000 ஏக்கர் பாத்தியம். அவ்வளவுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கத் தண்ணீர் கிடையாது. என்ன செய்தார்கள்? மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்தார்கள். 1,03,500 ஏக்கருக்கு முதல் போகத்தில் நெல்லுக்குத் தண்ணீர். மற்ற பாதிக்கு அடுத்த போகத்தில் புஞ்சைப் பயிருக்குத் தண்ணீர். மறு வருஷம் இவர்கள் அங்கே, அவர்கள் இங்கே. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு குடியானவரிடம், ‘நெல் போடவில்லையா?’ என்று விசாரித்தேன். ‘இந்த வருசம் எங்க மொறை இல்லீங்க. அடுத்த வருசந்தானுங்க’ என்று சாவதானமாகச் சொன்னார். பங்கு தெரிந்தவன் பேச்சில் உள்ள நிம்மதியை அன்று நான் கண்டேன்.

தெற்கே பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். அதற்காகத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1958 நவம்பரிலிருந்தே அமலுக்கு வந்ததாக வைத்துக்கொள்ளப்பட்டது. ஆழியாற்றிலிருந்து சித்தூர்ப் பக்கத்துக்கு வருஷத்துக்கு 7,250 மில்லியன் கன அடி என்று தொகை போட்டு எழுதினார்கள். தமிழ்நாட்டு ஆயக்கட்டைப் பிற்பாடு நான்கு மண்டலமாக்கி, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நான்கு பங்கு! சிங்கத்தின் முன்னே கிடந்ததும் நான்கு பங்குதான். இங்கே ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு. தலைமடைக்காரன் திருட்டுத்தனமாக எடுக்கிறான், கடைமடைக்கு வரவில்லை என்ற சண்டை ஓயவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் பங்கு எழுதியிருப்பதனால்தான் அது ‘திருட்டு’ என்ற பெயரைப் பெறுகிறது. சிங்கத்தை எந்தப் பசுவும் திருடன் என்று சொல்ல முடிந்ததில்லை.

சரி, சிங்கம் தொலைந்ததா? தொலையவில்லை. எந்தக் கிணறு நம்மைக் காப்பாற்றியதோ அந்தக் கிணற்றுக்குள்ளேயே இப்போது குடியிருக்கிறது. கவலை போய் மின்சார மோட்டார் வந்தது; கிணற்றுக்குள்ளே ஆழ்துளை போட்டார்கள்; இன்று அவிநாசிப் பக்கமும் பல்லடம் பக்கமும் ஆயிரம் அடிக்கு அப்பால் போகிறார்கள். ஆயிரம் அடி போட வசதியுள்ளவன் இருநூறு அடிக்காரனின் நீரையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறான். இருநூறு அடிக்காரன் எங்கே போய் முறையிடுவான்? தன் நிலத்துக்குக் கீழே, இன்ன வழி என்று வரையறுக்க முடியாமல் பரவியிருக்கும் நீர் முழுவதையும் திரட்டிக்கொள்ள நிலச் சொந்தக்காரனுக்கு உரிமை உண்டு என்று 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம் சொல்கிறது. ‘முழுவதையும்’! நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2003இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2013இல் அது ரத்தாயிற்று. வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்கு ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் வகுத்த நாடு, பூமிக்குள்ளே இருக்கும் தண்ணீருக்கு ஒரு வீசம்கூட வகுக்கவில்லை. ஈசாப்பின் சொல்லை அதன் முழு அர்த்தத்தில் பிரயோகிக்க இன்று கொங்கு நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகையால், எழுதுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் என் சிறு விண்ணப்பம் இது. தொகை தெரிந்தால் தொகையைச் சொல்லுங்கள். பாதி, முக்கால், மூன்றில் ஒன்று என்று கணக்காகச் சொல்ல நமக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தொகை தெரியாவிட்டால் ‘பெரும் பகுதி’ என்று சொன்னால் போதும். கல்யாணத்தில் ஓடியாடி உழைத்த தாய்மாமனை ‘அவர்தான் முக்கால்வாசி வேலையையும் செய்தார்’ என்று மனமாரப் புகழுங்கள். சிங்கத்தை மட்டும் அதற்குரிய இடத்துக்கென்று பத்திரமாக வைத்திருங்கள்: ஒருவன் பலத்தால் எடுத்துக்கொண்டு, அதற்கு நியாயமும் சொல்லி, ‘எதில் எவ்வளவு?’ என்று மற்றவர்கள் வாயைத் திறக்க முடியாமல் செய்கிற இடத்துக்கு. அப்படிப்பட்ட இடத்தில் அந்தச் சொல்லைத் தயங்காமல் சொல்லுங்கள். முயல் சிங்கத்துக்கு அதன் நிழலைக் காட்டியது போல, நாமும் அதன் பெயரைச் சொல்லிக் காட்டினால்தான் வழி பிறக்கும்.